பதினைந்து பேரில் ஒருவருடன் ஐந்து வருடம்

2006 மே மாதத்திலிருந்து 2011 வரை, இடதுசாரிக் கட்சி எம்.எல்.ஏ. ஒருவரின் தொகுதி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மனு வாங்குவது, கடிதம் டைப் அடிப்பது, சட்டமன்றம் நடக்கும்போது சென்னையில் கூடவே தங்கிக் குறிப்பு எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. தன் பெயரையும் தொகுதியையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். "செஞ்சது கட்சி, என் பேரு எதுக்கு?" என்றார். அதனால் இங்கே அவரைத் தோழர் என்றே குறிப்பிடுகிறேன். நாங்கள் அவரைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

திமுகவும் இல்லை, அதிமுகவும் இல்லை என்னும்போது ஓர் எம்.எல்.ஏ. என்னதான் செய்துவிட முடியும் என்று இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். சிலர் அடுத்த தேர்தலில் நிற்க நினைப்பவர்கள், சிலர் இப்படியான அலுவலகங்களில் வேலைக்குச் சேர இருப்பவர்கள். நிறையவே செய்ய முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் எதை வைத்துச் செய்ய முடியும் என்பதை முதல் மாதத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சபையின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 234 பேர். திமுக 96, காங்கிரஸ் 34, பாமக 18, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்த்து 15. எதிர்ப்பக்கம் அதிமுக 61, மதிமுக 6, விடுதலைச் சிறுத்தைகள் 2. தேமுதிகவுக்கு விஜயகாந்த் ஒருவர், அப்புறம் ஒரு சுயேச்சை. "மைனாரிட்டி அரசு" என்று அதிமுக ஐந்து வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்ட எங்கள் ஆட்கள் சிலருக்கு, நம் 15 பேர் கையில்தான் ஆட்சியே இருக்கிறது என்ற நினைப்பு. உண்மையில் பெரும்பான்மைக்கு 118 போதும். திமுகவும் காங்கிரசும் சேர்ந்தாலே 130 வந்துவிடும். நாங்கள் விலகினாலும் ஆட்சிக்கு ஒன்றும் ஆகாது. தோழர் இதை ஒரு காகிதத்தில் கூட்டிப் போட்டுக் காட்டினார். "நம்ம ஓட்டை வச்சு யாரையும் மிரட்ட முடியாது. கேட்டது கேட்டபடி எழுத்துல இருக்கணும், அதை விடாம துரத்தணும். நம்மகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்" என்றார். அந்த ஐந்து வருடமும் நாங்கள் செய்தது அதைத்தான்.

எம்.எல்.ஏ. சம்பளம் அப்படியே கட்சிக்குப் போய்விடும். கட்சி முழுநேர ஊழியருக்குக் கொடுக்கும் படிதான் அவர் கைக்கு வரும். கார் கிடையாது. சட்டமன்ற உறுப்பினருக்கும் உடன் போகும் ஒருவருக்கும் அரசு பஸ்ஸில் இலவசப் பயணம் உண்டு என்பதால் சென்னைக்குப் போவதும் வருவதும் பஸ்தான். விரைவு பஸ்களில் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கென்று ஒதுக்கிய இருக்கை இருக்கும். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் தோழர் எழுப்ப மாட்டார், பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். இதை எளிமைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பஸ்ஸில் போகிறவரிடம் ஜனங்கள் பேசுவார்கள். ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை, ஆஸ்பத்திரியில் ராத்திரி டாக்டர் இல்லை என்பதெல்லாம் மனுவாக வருவதற்கு ஒரு மாதம் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரி சம்பந்தமாக அவர் சபையில் பேசிய பேச்சில் பாதி, ராத்திரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த ஒரு நர்ஸ் சொன்ன விவரம்.

தொகுதி அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் கூட்டம் வந்துவிடும். பெரிய கட்சி எம்.எல்.ஏ.விடம் போகிறவர்கள் வேலைவாய்ப்பு, இடமாற்றம், டெண்டர் என்று கேட்பார்கள். அவர்களிடம் ஆட்சி இருக்கிறது, கேட்டால் கிடைக்கலாம். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லாக் கதவையும் தட்டி ஓய்ந்தவர்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர், பட்டா இல்லாத நத்தம் நிலத்தில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர், போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்ததால் வந்தவர். இவர்களுக்கு ஒரு லெட்டர்பேடில் பரிந்துரை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கமான முறை. அந்தக் கடிதத்துக்குத் தாலுகா ஆபீசில் எந்த மதிப்பும் கிடையாது. ஒரு நாளைக்கு அவர்கள் அப்படி எத்தனையோ பார்க்கிறார்கள்.

நாங்கள் வேறு மாதிரி செய்தோம். முதலில், மனு ஏற்கெனவே எங்கே கொடுக்கப்பட்டது, யார் என்ன காரணம் சொல்லித் திருப்பினார்கள் என்று கேட்போம். முக்கால்வாசிப் பேர் எங்கும் எழுத்தில் கொடுத்திருக்கவே மாட்டார்கள். வாய்வார்த்தையாகக் கேட்டு, வாய்வார்த்தையாக "இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். அவர்களைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு அனுப்பி, மனு கொடுத்ததற்கு எண்ணோடு ரசீது வாங்கிவரச் சொல்வோம். அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தோழர் கடிதம் எழுதுவார். அப்போதுதான் அது ஒரு கோப்பில் போய்ச் சேரும், பதில் சொல்லியாக வேண்டிய கடிதமாகும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 2005ல்தான் அந்தச் சட்டம் வந்திருந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில், "இந்த எண் கொண்ட மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யார் மேஜையில் இருக்கிறது" என்று கேட்டால், பதில் வருவதற்கு முன்பே பல வேலைகள் நகர்ந்துவிடும்.

ஒரு பாட்டி உண்டு, அவரை நான் மறக்கவே மாட்டேன். உதவித்தொகை கேட்ட மனு, "மகன் இருக்கிறார்" என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி ஆகியிருந்தது. மகன் ஊரைவிட்டுப் போய் வருடக்கணக்கில் எந்தத் தகவலும் இல்லை. "தம்பி, அவன் இருக்கான்னு தாசில்தாருக்குத் தெரிஞ்சா எங்க இருக்கான்னு கேட்டுச் சொல்லச் சொல்லு, நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். தோழர் அந்த வாக்கியத்தை அப்படியே மேல்முறையீட்டு மனுவில் சேர்க்கச் சொன்னார். அதிகாரியின் மேஜைக்குப் போகும் தாளில் மனு கொடுத்தவரின் குரல் இருக்க வேண்டும் என்பார். கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்து மறுபடி அறிக்கை கொடுத்தார். பணம் மணியார்டரில் வந்தது.

நூறு நாள் வேலை வந்த புதிதில் எங்கள் பக்கம் பெரிய பிரச்சினை கூலிதான். அன்று தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 80 ரூபாய். கைக்கு வந்ததோ அதில் பாதி, சில வாரம் அதற்கும் கீழே. தோண்டிய மண்ணை அளந்து அதற்கேற்பக் கூலி என்பது விதி. கல்லுமண்ணா, களிமண்ணா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போட்டுக்கொண்டிருந்தார்கள். தோழர் மைக் பிடித்துக் கண்டனம் தெரிவிப்பதோடு விடவில்லை. ஒரு கண்மாய்க்கு டேப் எடுத்துக்கொண்டு போனார். வேலை செய்த பெண்களையே ஆளுக்கொரு முனை பிடிக்கச் சொல்லி அளந்தார். அன்றைக்குத் தோண்டிய குழியின் நீளம், அகலம், ஆழம், மண்ணின் தன்மை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கீழே பெண்களின் கைரேகை. அந்தத் தாளின் நகல்தான் பிறகு வட்டார வளர்ச்சி அலுவலரோடு நடந்த பேச்சில் மேஜைமேல் இருந்தது. கூலி உயர்ந்தது. முழு 80 கிடைக்க இன்னும் காலம் பிடித்தது.

சட்டமன்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, பேச்சுத்திறமை இருந்தால் சபையில் ஜெயிக்கலாம் என்று தோன்றும். பேச நேரம் கிடைத்தால்தானே? விவாதத்தில் கட்சியின் பலத்தைப் பொறுத்துத்தான் நேரம். துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் சிறிய கட்சிக்கு ஒருவர் பேசலாம், அதுவும் சில நிமிடம். பாதியில் மணி அடிக்கும். அமைச்சர் குறுக்கிட்டுப் பதில் சொன்னால் அதுவும் போச்சு. அந்தக் காலத்தில் நேரடி ஒளிபரப்பும் கிடையாது, கேள்வி நேர ஒளிபரப்பே 2022 ஜனவரியில்தான் வந்தது. தோழர் பேசியது மறுநாள் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைகளான தீக்கதிரிலோ ஜனசக்தியிலோ வரும், மற்ற பேப்பரில் ஒரு வரி வந்தால் பெரிய விஷயம்.

அதனால் பேச்சை நம்பி இருக்க முடியாது. சேப்பாக்கம் எம்.எல்.ஏ. விடுதியில் ராத்திரி உட்கார்ந்து நாங்கள் செய்த வேலை வேறு. ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வரும். துறையின் திட்டம், ஒதுக்கிய பணம், எத்தனை கட்டடம், எத்தனை பள்ளி என்று எல்லாம் இருக்கும். புதிய புத்தகம் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும், படித்து முடிக்க நேரம் இருக்காது. தோழர் அதற்காகக் காத்திருக்க மாட்டார். போன வருடத்துப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொள்வார். போன வருடம் செய்வோம் என்று சொன்னது என்ன, எங்கள் மாவட்டத்தில் நடந்தது என்ன என்று கோடுபோட்டு இரண்டு பத்தியாக எழுதுவோம். மறுநாள் நான்கு நிமிடத்தில் அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். கவிதை, பழமொழி, தலைவர்களைப் பாராட்டும் முன்னுரை எதுவும் இருக்காது. அமைச்சர் பதிலுரையில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும், ஏனென்றால் எல்லாம் அவர் துறை அச்சடித்த எண்.

வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. துறைக்குக் கேட்கும் பணத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று கொடுப்பது. நூறு ரூபாய் குறைவது நோக்கமில்லை. இன்ன ஊரில் பாலம் இல்லை, இன்ன பள்ளியில் கழிப்பறை இல்லை என்ற குறையைச் சபைக் குறிப்பில் ஏற்றுவதுதான் நோக்கம். பேச வாய்ப்புக் கிடைக்காத உறுப்பினருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பெரிய கட்சிக்காரர்கள் பலர் இதைச் சடங்காகச் செய்வார்கள். தோழர் தொகுதியில் உள்ள ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுப்பார். துறையிலிருந்து எழுத்துமூலம் பதில் வரும்போது, அந்த ஊர்க் கட்சிக் கிளைக்கு நகல் எடுத்து அனுப்புவோம். பதில் "இயலாது" என்று இருந்தாலும் அனுப்புவோம்.

இதைவிட முக்கியமானது அரசு உறுதிமொழிக் குழு. இதைப் பற்றிப் புதிதாக ஜெயித்து வருகிறவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை. அமைச்சர் சபையில் "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிவிட்டுப் போவதை வெறும் மழுப்பல் என்று நாம் நினைக்கிறோம். சபையில் சொன்னது உறுதிமொழியாகப் பதிவானால், அது என்ன ஆயிற்று என்று துறை அந்தக் குழுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நிறைவேறும் வரையோ கைவிடப்படும் வரையோ அது நிலுவையில் நிற்கும். நான் அவைக் குறிப்பு வந்ததும் முதலில் தேடுவது இப்படியான வாக்கியங்களைத்தான். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுத் தனிக் கோப்பில் வைப்பேன். இந்தத் துறையில் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இந்தக் கோப்பைத்தான் சொல்வேன்.

அது எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு பஸ் கதை.

எங்கள் தொகுதியில் மலையடிவாரத்தில் ஒரு ஊர். மெயின் ரோட்டுக்கு வர நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெண்பிள்ளைகள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொள்வதற்கு அந்த நாலு கிலோமீட்டர்தான் காரணம். பஸ் கேட்டுப் பத்து வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கட்சியும் தேர்தலில் வாக்குக் கொடுத்திருந்தது. தோழர் டிப்போவுக்குப் போனதும் வழக்கமான பதில்: "அந்த ரூட்ல விட முடியாதுங்க சார்."

"சரி. முடியாதுங்கறதை எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுக்க அவர்களுக்கு விருப்பமில்லை, ஆனாலும் கொடுத்தார்கள். அந்த அரைப் பக்கக் கடிதம் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. மூன்று காரணம் எழுதியிருந்தார்கள்: சாலை குறுகலாக இருக்கிறது, ஓடைமேல் இருக்கும் சிறுபாலம் கனம் தாங்காது, ஊரில் பஸ் திரும்ப இடமில்லை. பத்து வருடம் "முடியாது" என்று மட்டும் கேட்ட ஊருக்கு, என்ன செய்தால் முடியும் என்ற பட்டியல் முதல் தடவையாகக் கிடைத்தது. தோழர் அதைச் சபையில் கேள்வியாக வைத்தார். சாலை மேம்படுத்தப்பட்டதும் பஸ் இயக்கப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. என் சிவப்பு மைக் கோப்புக்குள் அது போயிற்று.

பாலத்துக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி. இந்த நிதியைப் பற்றி ஜனங்களுக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. பணம் எம்.எல்.ஏ. கைக்கே வராது. இன்ன வேலை வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுப்பார், அவ்வளவுதான். மதிப்பீடு தயாரிப்பது பொறியாளர், நிர்வாக அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம், டெண்டர் விடுவது ஊராட்சி ஒன்றியம் மாதிரியான அமைப்புகள். அதிலும் ஒரு பகுதியை அரசு குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும்தான் செலவிடலாம். இந்தப் படிகளில் ஒவ்வொன்றிலும் கோப்பு தூங்கும். அதனால் நாங்கள் வருடம் தொடங்கிய முதல் மாதத்திலேயே பட்டியலைக் கொடுத்துவிடுவோம். மார்ச்சில் அவசரமாகக் கொடுக்கிறவர்களின் வேலைதான் பெரும்பாலும் தள்ளிப்போகும்.

பாலம் முடிந்தது. சாலையை ஒன்றியத்தில் போட்டார்கள். திரும்புவதற்கு இடம்தான் பாக்கி. ஊர்க் கூட்டம் போட்டு, கோயிலுக்குப் பக்கத்தில் களமாக இருந்த இடத்தின் ஓரத்தை விட்டுக்கொடுக்க ஒரு குடும்பம் சம்மதித்தது. கூட்டு ஆய்வுக்கு மோட்டார் வாகன ஆய்வாளர், பொறியாளர், டிப்போவிலிருந்து ஒருவர் வந்தார்கள். காலி பஸ்ஸை ஓட்டிப் பார்த்தார்கள். களத்தில் முதல் தடவை திரும்பவில்லை. டிரைவர் இறங்கி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, பின் சக்கரம் எந்த இடத்தைத் தாண்டக் கூடாதோ அங்கே ஒரு கல்லை எடுத்து வைத்தார். முன்பக்கத்துக்கு இன்னொரு கல். ஏறி உட்கார்ந்து, ஒடித்து, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்தார். திரும்பிவிட்டது. புளியமரத்தின் ஒரு கிளை மட்டும் கூரையை உரசியது. ஆய்வாளர் எழுதி முடிப்பதற்குள் ஊர்ப் பையன் ஒருவன் மரத்தில் ஏறிக் கிளையை வெட்டிவிட்டான்.

பஸ் விட்டார்கள். நேரம் காலை பதினொன்று, மாலை மூன்று. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை! நேரத்தை மாற்றுவதற்கு மறுபடி கடிதம், மறுபடி அலைச்சல், இன்னும் ஒரு படிப்பு வருடத்தில் பாதி போயிற்று. பஸ் கேட்டு மனு எழுதுகிறவர்கள் தடத்தோடு நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். எந்தப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

கொடியசைத்துத் தொடங்கிவைத்தது ஆளும் கட்சிப் பிரமுகர்கள். தோழருக்கும் மாலை போட்டார்கள், ஓரமாக நின்றார். எங்கள் ஆட்களுக்குக் கோபம். எனக்கும்தான். சிறிய கட்சி எம்.எல்.ஏ.வோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும் வலி. நாம் இழுத்துக்கொண்டு வந்த வேலைக்கு வேறு ஒருவர் பெயரில் கல்வெட்டு இருக்கும். தோழர் சண்டை போடவில்லை. அந்த ஊர்க் கிளையைக் கொண்டு ஒரு நோட்டீஸ் போடச் சொன்னார். என்றைக்கு மனு கொடுத்தோம், என்றைக்குப் பதில் வந்தது, பாலத்துக்கு நிதி எப்போது, நிலம் கொடுத்த குடும்பம் எது என்று தேதிவாரியாக மட்டும். யாரையும் திட்டி ஒரு சொல் இல்லை. அந்த நோட்டீஸைச் சில வீடுகளில் மடித்து வைத்திருந்ததைப் பிறகு பார்த்திருக்கிறேன்.

2008ல் அமெரிக்காவோடு போட்ட அணுசக்தி ஒப்பந்தப் பிரச்சினையில், திமுகவும் இருந்த மத்திய அரசுக்குக் கொடுத்த ஆதரவை இடதுசாரிகள் விலக்கிக்கொண்டார்கள். 2009 மக்களவைத் தேர்தலில் நாங்கள் அதிமுக அணியில் இருந்தோம். ஆட்சிக்கு ஆதரவு தந்த எம்.எல்.ஏ. ஒரே வருடத்தில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். அலுவலகங்களில் அது உடனே தெரிந்தது. போன் எடுக்க நேரமாகும், ஆய்வுக் கூட்டத் தகவல் கூட்டம் முடிந்தபின் வரும். ஆனால் கோப்பில் இருந்த வேலை எதுவும் நிற்கவில்லை. அதிகாரியின் தயவில் நடந்துகொண்டிருந்த வேலைகள்தான் நின்றன. எது எந்த வகை என்று அந்த ஆறு மாதத்தில் எங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. முதல் இரண்டு வருடம் அதிகாரிகளிடம் தோழர் குரல் உயர்த்தாமல் இருந்ததும், அவர்கள் செய்த நல்ல வேலையைப் பொதுக்கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டியதும் அப்போது கைகொடுத்தது.

கட்சி மாறச் சொல்லி வரும் தூதும் இந்தக் காலத்தில்தான். சிறிய கட்சி எம்.எல்.ஏ.வுக்கு "தொகுதி வளர்ச்சிக்காக வந்துருங்க" என்று அழைப்பு வராமல் இருக்காது. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985ல் வந்தது. மூன்றில் ஒரு பங்குப் பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த வழியையும் 2003ல் அடைத்துவிட்டார்கள். ஆனாலும் கட்சியிலிருந்து விலகாமலே மறுபக்கம் சாய்ந்து நிற்பதை அந்தச் சட்டத்தால் எளிதில் பிடிக்க முடிவதில்லை. அடுத்த சட்டமன்றத்தில் தேமுதிகவுக்கு அதுதான் நடந்தது. 2011ல் 29 பேரோடு எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார் விஜயகாந்த். தொகுதிப் பிரச்சினைக்காக என்று சொல்லி ஒவ்வொருவராக முதல்வர் ஜெயலலிதாவைச் சந்தித்தவர்கள் எட்டுப் பேர். 2016 தொடக்கத்தில் அவர்கள் ராஜினாமா செய்ததும் எதிர்க்கட்சித் தலைவர் பதவியே போயிற்று. 2006ல் தன்னந்தனியாக விருத்தாசலத்தில் ஜெயித்து வந்தவர் கட்டிய கட்சி அது. எங்கள் தோழருக்கு வந்த தூதுக்கு அவர் சொன்ன பதில், "வந்தா என் தொகுதிக்கு என்ன செய்வீங்களோ அதை இப்பவே செய்யுங்க, சபையில எழுந்து நன்றி சொல்றேன்." திரும்ப யாரும் வரவில்லை.

சின்னம் விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டும். பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தால் சட்டப்படி அந்தக் கட்சியின் எம்.எல்.ஏ.தான், அவர்கள் கொறடா சொல்படி ஓட்டுப் போட வேண்டும். 2016ல் தனியரசு, கருணாஸ், தமிமுன் அன்சாரி மூவரும் தனித்தனி அமைப்புகளின் தலைவர்கள். இரட்டை இலையில் ஜெயித்ததால் சபையில் அவர்கள் அதிமுக கணக்கு. சொந்தச் சின்னத்தை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கஷ்டம்தான். இருந்தாலும் கட்சிக்கென்று ஒரு குரல் வேண்டும் என்று நினைப்பவர்கள் அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

சிறிய கட்சியால் பெரிதாக எதையும் நகர்த்த முடியாது என்பவர்களுக்கு அந்த ஐந்து வருடத்திலிருந்தே இரண்டைச் சொல்வேன். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் பாதையை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் இடித்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் மறுநாள் அந்த ஊருக்கு வர இருந்தார். இன்னொன்று, அருந்ததியர் உள் ஒதுக்கீடு, அதாவது பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்குத் தனிப் பங்கு. தெருவில் இடதுசாரிகளின் மாநாடும் பேரணியும், சபையில் கேள்வியும் கோரிக்கையும் என்று இரண்டு பக்கமும் தொடர்ந்து நடந்தது. நீதிபதி ஜனார்த்தனம் குழு பரிந்துரைத்தபின் 2009ல் 3 சதவீதத்துக்குச் சட்டம் வந்தது. சட்டம் கொண்டுவந்த பெருமை திமுக அரசுக்கு உண்டு, அருந்ததியர் அமைப்புகளின் நெடுங்காலப் போராட்டமும் அதில் இருக்கிறது. எம்.எல்.ஏ. எண்ணிக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இவை நடந்திருக்க வழியே இல்லை. ஊருக்குள் ஓர் இயக்கம் இல்லாமல் சபைக்குள் ஒருவர் மட்டும் போனால், எத்தனை நன்றாகப் பேசினாலும் அது அவைக் குறிப்போடு நின்றுவிடும்.

தோழரின் சட்டமன்ற வாழ்க்கை முடிந்தது வாக்குப்பெட்டியில் இல்லை. 2008ல் வந்த தொகுதி மறுசீரமைப்பில் எங்கள் தொகுதி இரண்டாக உடைந்து பக்கத்துத் தொகுதிகளோடு சேர்ந்தது. நாங்கள் வலுவாக இருந்த ஒன்றியங்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. 2011ல் கூட்டணிப் பேச்சுவார்த்தை நடந்தபோது, அந்த இரண்டில் எதுவும் எங்கள் கட்சிக்கு வரவில்லை. ஐந்து வருட வேலையைப் பற்றி அந்த மேஜையில் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. இன்ன மாவட்டத்தில் இத்தனை என்ற கணக்குதான் அங்கே பேசும். சிறிய கட்சியில் நிற்க நினைக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இரண்டு பெரிய கட்சிகளையும் விட்டுத் தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதை 2016ல் பார்த்தோம். இடதுசாரிகளும் மதிமுகவும் விடுதலைச் சிறுத்தைகளும் இருந்த மக்கள் நலக் கூட்டணியும் தேமுதிகவும் தமாகாவும் சேர்ந்து ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை. காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். 1952ல் சிறையில் இருந்தபடியே பி. ராமமூர்த்தி மதுரையில் ஜெயித்த காலத்திலிருந்து, கம்யூனிஸ்ட் ஒருவர்கூட இல்லாத சட்டமன்றம் அதுதான் முதல் தடவை. 2021ல் திமுக அணியில் இரண்டும் இரண்டுமாக நால்வர் திரும்ப வந்தார்கள்.

பதவி போனபின் என்ன என்பதையும் யோசித்து வையுங்கள். மதுரை கிழக்கில் 2001லும் 2006லும் ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறன் கடைசிவரை வாடகை வீட்டில் இருந்தார். அரசு தரும் இலவச வீட்டுக்கு அவர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தது 2021ல் செய்தியானது. அதே வருடம் அக்டோபரில் காலமானார். அவரைப் பாராட்டி எழுதியவர்கள் நிறையப் பேர். ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் இப்படி ஒரு வாழ்க்கை வாழ முடியாது. எங்கள் தோழரின் மனைவி ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்து வீட்டை நடத்தினார். நிற்கும் முன்பு வீட்டில் உட்கார்ந்து பேசி, மாத வருமானம் எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2011 தேர்தல் முடிவு வந்ததும் நாங்கள் செய்த கடைசி வேலை, நிலுவையில் இருந்த மனுக்களைப் பட்டியல் போட்டது. மனு எண், தேதி, எந்த அலுவலகம், கடைசியாக வந்த பதில் என்று நான்கு பத்தி. உறுதிமொழிக் கோப்பிலிருந்து நிறைவேறாதவற்றைத் தனியாக எடுத்தோம். தொகுதி இரண்டாகப் பிரிந்திருந்ததால் பட்டியலும் இரண்டு. புதிதாக ஜெயித்த இருவருமே பெரிய கட்சிக்காரர்கள். தோழர் இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்க் கொடுத்தார். ஒருவர் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு டீ கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் அங்கேயே பிரித்துப் படிக்க ஆரம்பித்து, நான்காவது பக்கத்தில் ஒரு தடுப்பணை மனுவைக் காட்டி, "இதுல பொதுப்பணித் துறை எழுதுன பதில் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. மறுநாள் நகல் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய உதவியாளருக்கு உறுதிமொழிக் கோப்பை எப்படிப் போடுவது என்று அரை நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.